ஐஇஎல்டிஎஸ் எழுத்துத் தேர்வு: 570 சொற்களை மனப்பாடம் செய்தும் மதிப்பெண் ஏன் உயரவில்லை?

பொருநைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஏழு ஆண்டுகளாகத் தீவிர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றும் செவிலியர் நான். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். இப்போது சென்னையில் இருக்கிறேன். இங்கிலாந்தின் செவிலியர் பதிவேட்டில் சேர்வதற்காக ஐஇஎல்டிஎஸ் அகாடமிக் என்ற ஆங்கிலத் திறன் தேர்வை இரண்டு முறை எழுதிவிட்டேன். இரண்டாம் முறை கேட்டலில் 7.5, வாசித்தலில் 7, பேச்சில் 7, எழுத்தில் 6 கிடைத்தன. சராசரி 7 என்று சான்றிதழில் இருந்தாலும், பதிவுக்கு எழுத்தில் குறைந்தது 6.5 வேண்டும் என்பதால் அது பயன்படவில்லை. முதல் முறையும் எழுத்தில் இதே 6 தான்.

பயிற்சி மையத்தில் எனக்கு இரண்டு பட்டியல்கள் தந்தார்கள். ஒன்று, ‘அகாடமிக் வேர்ட் லிஸ்ட்’ எனப்படும் 570 சொற்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு தமிழ்ப் பொருள். மற்றொன்று, கட்டுரையில் சேர்த்தால் மதிப்பெண் கூடும் என்று சொல்லிக் கொடுத்த நாற்பது அரிய சொற்கள். இரவுப் பணி முடிந்து வந்த காலைகளிலும் விடாமல், நான்கு மாதங்களில் அவற்றை இரண்டு சுற்று எழுதி எழுதிப் படித்தேன். தமிழ்ப் பொருளை யாராவது சொன்னால் ஆங்கிலச் சொல்லை இன்றும் தயங்காமல் சொல்வேன். ஆனால் கட்டுரை எழுதும்போது நான் அமைத்த வாக்கியங்கள் இப்படித்தான் இருந்தன: ‘தி கவர்ன்மென்ட் ஹேஸ் காஸ்ட் அ ப்ளெதோரா ஆஃப் டெவலப்மென்ட்ஸ் இன் தி ஹெல்த் செக்டர்.’ இதைப் படித்த தோழி, எங்கோ இடிக்கிறது, எங்கே என்று சொல்லத் தெரியவில்லை என்றாள்.

மூன்றாம் முறை தேர்வுக்குக் கட்டணம் செலுத்திவிட்டேன். ஒன்பது வாரங்கள் இருக்கின்றன. சொற்களை நான் படித்த முறையில் எது தவறு என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டும்.

மலைக்கோட்டை எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். திருச்சியில் ஒரு கல்லூரியில் இருபத்திரண்டு ஆண்டுகளாக ஆங்கிலம் கற்பித்து வருகிறேன். உங்கள் உழைப்பில் குறையில்லை. பட்டியலை உங்கள் கையில் கொடுத்தவர்கள், அது என்ன பட்டியல் என்பதைச் சொல்லாமல் கொடுத்துவிட்டார்கள்.

அந்த 570 என்பது சொற்களின் எண்ணிக்கை அன்று, சொற்குடும்பங்களின் எண்ணிக்கை. (ஒரு சொல்லும் அதிலிருந்து கிளைத்த வடிவங்களும் சேர்ந்தது ஒரு சொற்குடும்பம்.) நியூசிலாந்தின் வெலிங்டன் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் அவெரில் காக்ஸ்ஹெட் என்பவர் கலை, வணிகம், சட்டம், அறிவியல் என்ற நான்கு துறைகளின் 28 பாடங்களிலிருந்து ஏறத்தாழ 35 லட்சம் சொற்கள் கொண்ட நூற்பகுதிகளைத் திரட்டி, அவற்றில் பரவலாகத் திரும்பத் திரும்ப வந்தவற்றைப் பொறுக்கி 2000இல் வெளியிட்டதுதான் அந்தப் பட்டியல். 1953இல் மைக்கேல் வெஸ்ட் வெளியிட்ட சுமார் இரண்டாயிரம் பொதுச் சொற்குடும்பங்களை அவர் முன்கூட்டியே விலக்கிவிட்டார். (வெஸ்ட் டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றியவர், நம் நாட்டுப் பிள்ளைகள் ஆங்கில நூலை எப்படி வாசிக்கப் பழகுகிறார்கள் என்பதை நேரில் கண்டவர்.) ஆகவே கல்லூரிப் பாடநூலில் பொதுச் சொற்களுக்கு அடுத்தபடியாக எவை அதிகம் வருகின்றன என்பதைத்தான் இந்தப் பட்டியல் சொல்கிறது. பாடநூலில் வரும் சொற்களில் ஏறத்தாழப் பத்தில் ஒன்று இதைச் சேர்ந்தது. கதை நூல்களிலோ நூற்றுக்கு இரண்டுகூட இல்லை.

இப்போது அதன் முதல் பகுதியை எடுத்துப் பாருங்கள். ‘ஃபாக்டர்’, ‘வேரி’, ‘ரெக்வயர்’, ‘அசெஸ்’, ‘இண்டிகேட்’, ‘அவைலபிள்’, ‘சோர்ஸ்’. இவற்றில் எது அரிய சொல்? ‘ப்ளெதோரா’ இந்தப் பட்டியலில் எங்குமே இல்லை. உங்களுக்குக் கொடுத்த அந்த நாற்பது சொற்களை இன்றே மறந்துவிடுவது நல்லது. ‘ப்ளெதோரா’ என்ற சொல்லை மருத்துவமனையில் நீங்களே கேட்டிருப்பீர்கள். இரத்தச் சிவப்பணுக்கள் அளவுக்கு மீறிச் சேர்ந்து, உடல் செக்கச் சிவந்திருக்கும் பிறந்த குழந்தையை மருத்துவர் ‘ப்ளெதோரிக்’ என்பார். தேவைக்கு மேல் மிகுந்து கிடப்பது என்பதுதான் அச்சொல்லின் அடிப்படை. அரசின் நல்ல பணிகளைச் சொல்லும் இடத்தில் அதை வைத்தால், வாசிப்பவருக்கு இடிக்கத்தான் செய்யும்.

அடுத்து ‘காஸ்’. இதன் பொருளை ‘ஏற்படுத்து’ என்று படித்திருப்பீர்கள். தமிழில் ‘ஏற்படுத்து’ நல்லதோடும் சேரும், கெட்டதோடும் சேரும்: விழிப்புணர்வை ஏற்படுத்தினார்கள், மாற்றத்தை ஏற்படுத்தினார்கள், சேதத்தை ஏற்படுத்தினார்கள். ஆங்கிலத்தில் ‘காஸ்’ பெரும்பாலும் நோய், சேதம், தாமதம், கவலை ஆகியவற்றோடுதான் சேர்ந்து நடக்கிறது. விழிப்புணர்வுக்கு ‘ரைஸ்’ வரும். மாற்றத்துக்கு ‘பிரிங் அபவுட்’ வரும். வளர்ச்சிக்கு ‘ப்ரமோட்’ வரலாம். நீங்கள் ஒரு வாக்கியத்தில் ‘காஸ்’ போட்டதில் இலக்கணப் பிழை இல்லை. ஆனால் வளர்ச்சியை ஒரு நோய்போல எழுதிவிட்டீர்கள்.

எதிரே எழுதிய ஒற்றைத் தமிழ்ப் பொருள்தான் உங்களைத் தடுக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். ஏனென்றால் தமிழும் ஆங்கிலமும் உலகத்தை ஒரே இடத்தில் வெட்டிப் பங்கு போடவில்லை. ‘வாய்ப்பு’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘வேலைவாய்ப்பு’ என்போம், ‘கடலோர மாவட்டங்களில் கனமழைக்கு வாய்ப்பு’ என்றும் வானிலை அறிக்கையில் கேட்போம். முதலாவதற்கு ‘ஆப்பர்ச்சுனிட்டி’ பொருந்தும். இரண்டாவதற்கு அதைப் போட்டால், மழைக்காக ஆவலோடு காத்திருப்பதுபோல் ஆகிவிடும். அங்கே ‘லைக்லி’ என்பதுதான் வேண்டும். அதேபோல் பென்சிலினையும் கண்டுபிடித்தார்கள், தொலைபேசியையும் கண்டுபிடித்தார்கள், மருந்துக்குப் பக்கவிளைவு உண்டு என்றும் ஆய்வில் கண்டுபிடித்தார்கள். தமிழில் மூன்றுக்கும் ஒரே வினை. ஆங்கிலத்தில் ‘டிஸ்கவர்’, ‘இன்வென்ட்’, ‘ஃபைண்ட்’ என்று மூன்று. இப்படி நாம் ஒரு சொல்லால் மூடிவைக்கும் இடத்தில் ஆங்கிலம் எத்தனை சொற்களைப் பிரித்து வைத்திருக்கிறது என்று தேடுவதுதான், தமிழ் பேசும் ஒருவர் செய்ய வேண்டிய முதல் வேலை.

நாளை வகுப்பு முடிந்ததும் மேலும் எழுதுகிறேன்.

கொங்குநாடன் எழுதியது:

ஐயா சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் மனப்பாடமே வீண் என்ற எண்ணம் புதிதாகப் படிப்பவர்களுக்கு வந்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். நான் கோவையில் பொறியியல் முடித்து, மேற்படிப்புக்காக இதே தேர்வை எழுதியவன். ‘ஆங்கி’ செயலியில் சொல்லட்டைகள் செய்து, தினமும் அரை மணி நேரம், ஆறு மாதங்கள் படித்தேன். வாசித்தலில் 8.5 கிடைத்தது. ஓர் ஆங்கில நூலில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுச் சொற்கள் தெரிந்திருக்க வேண்டுமானால் எட்டாயிரம் முதல் ஒன்பதாயிரம் சொற்குடும்பங்கள் தேவை என்று சொற்கற்றல் ஆய்வாளர் பால் நேஷன் 2006இல் கணக்கிட்டார். அத்தனையையும் கட்டுரைகளில் தற்செயலாகச் சந்தித்துக் கற்றுக்கொள்ளும் வரை தேர்வு நமக்காகக் காத்திருக்காது. 1885இல் எபிங்ஹவுஸ் என்ற உளவியலாளர் தம் நினைவையே சோதித்துக் காட்டியதைப்போல, படித்தது முதல் சில நாட்களிலேயே வேகமாக மறந்துவிடுகிறது. அந்த மறதி முற்றுவதற்குள் திரும்பக் கேட்கும் அட்டைக்கு நிகராக வேறு ஒன்றை நான் காணவில்லை.

வாசித்தல் தாளில் மூன்று பகுதிகள், 40 கேள்விகள், 60 நிமிடங்கள். பகுதியில் ஒரு சொல்லும் கேள்வியில் அதன் மாற்றுச் சொல்லும் இருக்கும். அங்கே ஒரு சொல்லின் பொருள் சட்டென்று மனத்தில் வந்தால் போதும். அது எவற்றோடு சேரும் என்று யோசிக்க நேரமும் இல்லை, தேவையும் இல்லை.

மலைக்கோட்டை எழுதியது:

தம்பி சொல்வது சரி. நான் முன்பே பிரித்துச் சொல்லியிருக்க வேண்டும். பார்த்தால் பொருள் தெரியும் சொல் வேறு, எழுதும்போது கைக்கு வரும் சொல் வேறு. முதல் வகைக்கு உங்கள் அட்டைகள் பெரிதும் உதவும். சகோதரிக்கு வாசித்தலில் 7 கிடைத்ததற்கு அந்த 570 சொற்களும் காரணமாக இருக்கலாம். அவருக்குக் குறைந்திருப்பது இரண்டாம் வகை.

எழுத்துத் தாளில் கேள்விக்கு விடை தந்த விதம், கருத்துத் தொடர்ச்சி, சொல்வளம், இலக்கணம் என்று நான்கு அளவுகோல்கள் சம எடையில் உள்ளன. அந்தத் தாளில் எழுத வேண்டியவை இரண்டு பணிகள்: முதலாவது வரைபட விளக்கம், இரண்டாவது கட்டுரை. இரண்டாம் பணிக்கு முதல் பணியைப்போல் இரு மடங்கு எடை. வெளியிட்டிருக்கும் அளவுகோல் குறிப்பில் 6க்கும் 7க்கும் இடையே சொல்வளத்தைப் பற்றி உள்ள வேறுபாட்டைப் பாருங்கள். 6 என்பது, சொற்கள் குறைவாகவோ துல்லியமின்றியோ இருந்தாலும் பொருள் விளங்க எழுதுபவருக்கும், துணிந்து பலவகைச் சொற்களை முயன்று அதிகம் தவறுபவருக்கும். 7 என்பது, நடையையும் சொற்சேர்க்கையையும் உணர்ந்து எழுதுபவருக்கு. ஆகவே பெரிய சொல் இல்லாததால் அவருக்கு 6 வரவில்லை. பெரிய சொல்லைப் பொருந்தாத இடத்தில் வைத்ததால் வந்தது என்றே நினைக்கிறேன்.

அட்டையை விட்டுவிட வேண்டாம். அட்டையில் எழுதுவதை மாற்றினால் போதும். ஒரு பக்கம் ஆங்கிலச் சொல், மறுபக்கம் தமிழ்ச் சொல் என்பதற்குப் பதிலாக, ஒரு பக்கம் நடுவில் இடைவெளி விட்ட ஆங்கில வாக்கியமும் மறுபக்கம் அந்த இடத்துக்கு உரிய சொல்லும் இருக்கட்டும். சொல்லுக்குத் துணைவரும் சொற்கள் அந்த வாக்கியத்திலேயே இருக்க வேண்டும்.

நாஞ்சில் எழுதியது:

பொருநைக்கரை தங்கச்சி, நானும் செவிலியர்தான். நாகர்கோவிலிலிருந்து வந்து, லீட்ஸில் ஒரு மருத்துவமனையில் பணியாற்றுகிறேன். உன் பதிவைப் படித்ததும் என் பழைய நாட்கள் நினைவுக்கு வந்தன. முதலில் ஒரு செய்தி: மருத்துவத் துறையினருக்கென்றே அமைந்த ஓஇடி என்ற ஆங்கிலத் தேர்வையும் இங்கே பதிவுக்கு ஏற்கிறார்கள். அதில் எழுத்துத் தாள் என்பது நோயாளியின் குறிப்புகளைப் பார்த்து எழுதும் கடிதம்தான். ஆனால் நீ கட்டணம் செலுத்திவிட்டாய் என்பதால் இப்போது அதைப் பற்றி யோசிக்க வேண்டாம்.

நான் சொல்ல வந்தது வேறு. முதல் பணியில் வரைபடமோ அட்டவணையோ கொடுத்து குறைந்தது 150 சொற்களில் எழுதச் சொல்கிறார்கள். அதற்கான சொற்களை நீ புதிதாகத் தேடிக்கொண்டிருக்கிறாய். ஆனால் ஏழு ஆண்டுகளாக உன் நோயாளிகளின் கட்டில் ஓரத்தில் தொங்கும் அட்டையில் நீ பார்த்து வருவதே வரைபடம்தான். வெப்பநிலை, நாடித்துடிப்பு, மூச்சு எண்ணிக்கை, இரத்த அழுத்தம். பணி மாறும்போது அடுத்த செவிலியரிடம் நீ என்ன சொல்கிறாய்? இரவு முழுவதும் அழுத்தம் ‘ஃப்ளக்சுவேட்’ ஆனது, விடியற்காலை நான்கு மணிக்குக் காய்ச்சல் ‘பீக்’ ஆனது, அதன் பிறகு ‘கிராஜுவலாக’க் குறைந்தது, இப்போது ‘ஸ்டேபிள்’. இந்தச் சொற்களை நீ மனப்பாடம் செய்ததே இல்லை. ஒருமுறைகூட அவற்றைத் தவறான இடத்தில் சொன்னதும் இல்லை. காய்ச்சல் சீராக இருக்கும்போது ‘ஃப்ளக்சுவேட்’ என்று எழுதினால் மருத்துவர் உன்னைக் கூப்பிட்டுக் கேட்பார் என்பதால், அச்சொல்லின் எல்லை எதுவென்று உன் கைக்கே தெரியும்.

நான் தேர்வுக்குப் படித்தபோது ஒவ்வொரு நாளும் பணி முடிந்ததும், பெயரையும் அடையாளங்களையும் விட்டுவிட்டு, ஒரு நோயாளியின் இருபத்து நான்கு மணி நேர ஏற்ற இறக்கத்தை ஏழெட்டு வாக்கியங்களில் எழுதினேன். பிறகு அதே வாக்கியங்களில் காய்ச்சலை எடுத்துவிட்டு ஒரு நாட்டின் அரிசி ஏற்றுமதியை வைத்தேன். எது பொருந்துகிறது, எது பொருந்தவில்லை என்பது அப்போது பளிச்சென்று தெரிந்தது. ‘ஃப்ளக்சுவேட்’ ஏற்றுமதிக்கும் பொருந்தியது. ‘எலிவேட்டட்’ பொருந்தவில்லை. ‘டிடீரியரேட்’ நோயாளியின் நிலைக்கும் காற்றின் தரத்துக்கும் பொருந்தும். டன் கணக்குக்குப் பொருந்தாது. ஏனென்றால் அது தரம் கெடுவதைச் சொல்கிறது. அளவு குறைவதற்கு ‘டிக்ளைன்’ வர வேண்டும்.

பொருநைக்கரை எழுதியது:

நாஞ்சில் அக்கா, உங்கள் பதிவை இரவுப் பணியின் இடைவேளையில் படித்தேன். என் கண்ணுக்கு முன்னால் ஐந்து கட்டில்களிலும் அந்த அட்டைகள் தொங்கிக்கொண்டிருந்தன. இத்தனை நாளும் ‘ஃப்ளக்சுவேட்’ என்ற சொல்லை ஒரு நோட்டில் ‘ஏறி இறங்கு’ என்று எழுதி வேறாகவும், பணியில் வேறாகவும் வைத்திருந்தேன் என்பதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

அதைத் தொடர்ந்து எனக்கே ஒன்று தோன்றியது. எங்கள் பிரிவுக்கு வரும் மார்பு எக்ஸ்ரே அறிக்கையில் ‘சஜெஸ்டிவ் ஆஃப் நிமோனியா’ என்று எழுதியிருக்கும். நிமோனியாதான் என்று அடித்துச் சொல்லாமல், அதைச் சுட்டுகிறது என்ற அளவில் நிறுத்திக்கொள்வார்கள். இரத்தப் பரிசோதனையும் உடல்நிலையும் சேர்ந்த பிறகுதான் மருத்துவர் முடிவு சொல்வார். ஆனால் என் கட்டுரைகளைத் திரும்பப் படித்தால், ஒவ்வொரு பத்தியிலும் ‘வித்தவுட் எனி டவுட்’, ‘எவ்ரிபடி நோஸ்’ என்று இருக்கிறது. பள்ளியில் தமிழ்க் கட்டுரையை ‘இதில் எள்ளளவும் ஐயமில்லை’ என்றும் ‘அனைவரும் அறிந்ததே’ என்றும் எழுதிப் பழகியதன் தொடர்ச்சி இது என்று தோன்றுகிறது. கல்விசார் ஆங்கிலத்தில் இப்படி எழுதுவது குறையா?

மலைக்கோட்டை எழுதியது:

ஆம், குறைதான். மிகச் சரியான இடத்தைத் தொட்டிருக்கிறீர்கள். தமிழில் அந்தத் தொடர்களுக்கு மேடையில் ஓர் இடம் உண்டு. கேட்பவரைத் தம்மோடு சேர்த்துக்கொள்ளும் முறை அது. கல்விசார் ஆங்கிலத்தில், கையில் உள்ள சான்று எவ்வளவோ அவ்வளவுக்குத்தான் சொல் உறுதியாக இருக்க வேண்டும். ‘மே’, ‘டெண்ட் டு’, ‘லைக்லி’, ‘அப்பியர்ஸ் டு’, ‘லார்ஜ்லி’ ஆகிய சிறு சொற்கள் அந்த வேலையைச் செய்கின்றன. எந்தப் பெரிய சொற்பட்டியலைவிடவும் இந்த ஐந்தாறு சொற்கள் ஒரு கட்டுரையை அதிகம் மாற்றுவதை என் மாணவர்களிடம் கண்டிருக்கிறேன். தமிழிலும் நமக்கு ‘பெரும்பாலும்’, ‘எனக் கருதலாம்’, ‘எனத் தோன்றுகிறது’ என்று இதே பணியைச் செய்யும் தொடர்கள் உண்டு. நல்ல ஆய்வுக் கட்டுரைகளில் அவற்றைக் காணலாம்.

பனங்கூடல் எழுதியது:

வணக்கம். நான் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவன். மெல்பேர்ணில் பொதுச் சுகாதாரத்தில் முதுகலை படித்துக்கொண்டிருக்கிறேன். ஐஈஎல்ரிஎஸ் பரீட்சையில் எனக்கும் எழுத்தில்தான் சிக்கல் இருந்தது. நாஞ்சில் சகோதரி முதல் பணியைப் பற்றிக் கதைத்ததால், அதில் தமிழர்களாகிய எங்களுக்கே உரிய இரண்டு வழுக்கல்களைச் சொல்கிறேன்.

முதலாவது, ‘20 ஆக உயர்ந்தது’ என்பதற்கும் ‘20 உயர்ந்தது’ என்பதற்கும் உள்ள வேறுபாடு. தமிழில் ‘ஆக’ என்ற ஒட்டு வந்தால் போய்ச் சேர்ந்த இடம்; அது இல்லாவிட்டால் கடந்த தூரம். ஆங்கிலத்தில் இதை ‘டு’, ‘பை’ என்ற இரண்டு சிறு சொற்கள் சுமக்கின்றன. பதினைந்து ஆக இருந்தது இருபது ஆகும்போது, போய்ச் சேர்ந்த இடம் ‘டு 20’; கடந்த தூரம் ‘பை 5’. இதை மாற்றி எழுதினால் வரைபடத்தையே பிழையாகச் சொன்னதாகிவிடும்; அப்போது சொல்வளத்தோடு முடியாமல் விடையே தவறாகிறது. அதேபோல் 40 சதவீதம் 50 சதவீதமாக மாறினால் அது பத்துச் சதவீதப் புள்ளிகளின் உயர்வு. பத்துச் சதவீத உயர்வு என்று எழுதினால் கணக்கே பிழை; அந்த உயர்வு உண்மையில் நாற்பதின் கால்பங்கு, அதாவது 25 சதவீதம்.

இரண்டாவது, பன்மை. நாங்கள் தகவல்கள், ஆய்வுகள், ஆதாரங்கள், அறிவுரைகள், உபகரணங்கள் என்று இயல்பாகச் சொல்கிறோம். ஆங்கிலத்தில் ‘இன்ஃபர்மேஷன்’, ‘ரிசர்ச்’, ‘எவிடென்ஸ்’, ‘அட்வைஸ்’, ‘எக்விப்மென்ட்’ என்பவை எண்ண முடியாத பெயர்களாகவே பெரும்பாலும் நிற்கின்றன. இறுதியில் ‘எஸ்’ சேர்த்தால் பரீட்சகர் கண்ணில் உடனே படும். கல்விசார் கட்டுரையில் அதிகம் வரும் பெயர்களே இவைதான் என்பதால், ஒரே கட்டுரையில் நான்கைந்து தடவை அந்தப் பிழை நேர்ந்துவிடுகிறது. ‘டிஸ்கஸ்’ என்ற வினைக்குப் பின்னால் ‘அபவுட்’ சேர்ப்பதும் இப்படித்தான் வந்தது; ‘பற்றி’ விவாதித்துப் பழகிய எங்கள் நா அதைக் கேட்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சகோதரிக்கு மருத்துவமனை ஆங்கிலம் கைவசம் இருக்கிறது என்பது பெரிய பலம். ஆனால் இரண்டாம் பணியின் கேள்வி நகரப் போக்குவரத்தைப் பற்றியோ, அருங்காட்சியகக் கட்டணத்தைப் பற்றியோ, சிறுவர்களின் வீட்டுப்பாடத்தைப் பற்றியோ இருக்கலாம். அதற்காக நான் செய்தது இது. ஒரு வாரத்துக்கு ஒரு பொருள் என்று வைத்து, அதைப் பற்றி நான்கைந்து நல்ல கட்டுரைகளை மட்டும் வாசித்தேன். ஒரே பொருளில் நான்கு கட்டுரைகளை வாசிக்கும்போது அதே சொற்சேர்க்கைகள் திரும்பத் திரும்ப எதிர்ப்படும். போக்குவரத்து என்றால் ‘ஈஸ் கன்ஜெஸ்ஷன்’ (நெரிசலைத் தணித்தல்), ‘கம்யூட்’, ‘ரிலை ஆன்’, ‘இன்ஃப்ராஸ்ட்ரக்சர்’ என்று. மூன்றாம் கட்டுரைக்குள் அவை மனத்தில் தங்கிவிடும். வெவ்வேறு பொருள்களில் இருபது கட்டுரைகளை மேலோட்டமாக வாசித்த மாதத்தில் எனக்கு எதுவும் தங்கவில்லை.

கொங்குநாடன் எழுதியது:

பனங்கூடல் சொன்ன முறையை நான் செய்து பார்க்கவில்லை. எனக்கும் எழுத்தில் 6.5 தான் கிடைத்தது என்பதை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். வாசித்தலில் வந்த 8.5ஐ மட்டும் சொல்லிவிட்டு அதைச் சொல்லாமல் விட்டது முறையாகாது. ஐயாவிடம் ஒரு கேள்வி: சொற்குடும்பம் என்று சொல்கிறீர்களே, ஒவ்வொரு சொல்லுக்கும் எல்லா வடிவங்களையும் படிக்க வேண்டுமா?

மலைக்கோட்டை எழுதியது:

தமிழில் பகுபத உறுப்பிலக்கணம் படித்தவர்களுக்கு இது எளிதாக விளங்கும். பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என்று ஒரு சொல்லைப் பிரித்துப் பழகிய கண்ணுக்கு, ஆங்கிலச் சொல்லிலும் எது பகுதி, எது விகுதி என்பது தென்படும். ‘அனலைஸ்’, ‘அனாலிசிஸ்’, ‘அனலிஸ்ட்’, ‘அனலிட்டிக்கல்’ ஆகியவை நாம் ஒரு வினையடியிலிருந்து நடந்தான், நடை, நடத்தை, நடப்பு என்று கிளை பிரிப்பதைப் போன்றவைதான். அதே எச்சரிக்கையும் இங்கே தேவை. ‘நடத்தை’ என்பதும் ‘நடை’ என்பதும் ஒரே வேரில் பிறந்தாலும் ஒன்றின் இடத்தில் மற்றொன்று வராது. எனவே எல்லா வடிவங்களும் வேண்டியதில்லை. வினை, அதன் பெயர், அதிகம் வரும் பெயரடை என்று மூன்று போதும். கல்விசார் ஆங்கிலம் வினையைப் பெயராக்கி எழுதுவதில் நாட்டம் உள்ளது என்பதால் பெயர் வடிவத்தை மட்டும் தவறவிடக் கூடாது.

பொருநைக்கரை எழுதியது:

மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன். பழைய நோட்டை எடுத்து வைத்துவிட்டேன். புதிய நோட்டில் ஒரு சொல்லுக்கு ஒரு பக்கம். இதுவரை முப்பத்தொரு பக்கங்கள்தான் ஆகியிருக்கின்றன. நான்கு மாதங்களில் அறுநூறு சொற்கள் படித்தவளுக்கு முதலில் இது மிகக் குறைவாகத் தோன்றியது. ஆனால் இந்த முப்பத்தொன்றும் எழுதும்போது தாமாக வருகின்றன.

முதல் பதிவில் இருந்த வாக்கியத்தை இப்போது இப்படி எழுதியிருக்கிறேன்: ‘ஓவர் தி பாஸ்ட் டெக்கேட், தி கவர்ன்மென்ட் ஹேஸ் எக்ஸ்பாண்டட் ஆக்சஸ் ஃபார் பிரைமரி ஹெல்த் கேர், ஆல்தோ தி குவாலிட்டி ஈஸ் வேரீட் பிட்வீன் டிஸ்ட்ரிக்ட்ஸ்.’

‘வேரி’ பக்கத்தில் எழுதியிருப்பதையும் தருகிறேன். வினை ‘வேரி’; பெயர் ‘வேரியேஷன்’; பெயரடை ‘வேரியபிள்’, ‘வேரியஸ்’. துணைவரும் சொற்கள்: ‘வைட்லி’, ‘கன்சிடரப்ளி’, ‘அக்கார்டிங் டு’, ‘ஃப்ரம் … டு …’. பணியிலிருந்து ஒரு வாக்கியம்: குழந்தைக்குக் கொடுக்கும் மருந்தின் அளவு உடல் எடையைப் பொறுத்து ‘வேரி’ ஆகிறது. வேறு பொருளில் ஒரு வாக்கியம்: பேருந்துக் கட்டணம் நகரத்துக்கு நகரம் ‘வேரி’ ஆகிறது. ‘வேரியஸ்’ என்பதற்கு: ‘ஃபார் வேரியஸ் ரீசன், பீப்பிள் ப்ரிஃபர் டு ட்ராவல் பை கார்.’

மலைக்கோட்டை எழுதியது:

முதல் வாக்கியத்தோடு வைத்துப் பார்த்தால் இது வேறொருவர் எழுதியதுபோல் இருக்கிறது; மிகுந்த மகிழ்ச்சி. ‘எக்ஸ்பாண்ட்’ என்ற வினையும் ‘ஆக்சஸ்’ என்ற பெயரும் சரியாகச் சேர்ந்திருக்கின்றன. அரசைப் பாராட்டியதோடு நிற்காமல், தரம் எல்லா இடத்திலும் ஒன்றாக இல்லை என்ற வரம்பையும் அதே வாக்கியத்தில் வைத்திருக்கிறீர்கள்.

மூன்று திருத்தங்கள். ‘ஆக்சஸ்’ என்ற பெயருக்குப் பின் ‘டு’ வர வேண்டும்; ‘ஃபார்’ வராது. தமிழில் நான்காம் வேற்றுமையின் ‘கு’ ஒன்றே இரண்டுக்கும் உதவுவதால் இந்தத் தடுமாற்றம் வருகிறது. அடுத்து, ‘ஈஸ் வேரீட்’ என்றால் பலவகைப்பட்டது என்று பொருள்; வீட்டுச் சாப்பாடு பலவகையாக இருக்கிறது என்று சொல்ல அது உதவும். மாவட்டத்துக்கு மாவட்டம் வேறுபடுகிறது என்பதற்கு ‘வேரீஸ்’ என்று வினையாகவே எழுதுங்கள். மூன்றாவது, ‘வேரியஸ் ரீசன்’. தமிழில் ‘பல காரணம்’, ‘பத்துச் சொல்’ என்று ஒருமையிலேயே சொல்லிவிடலாம். பன்மையை முன்னால் உள்ள சொல்லே சொல்லிவிடுகிறது. ஆங்கிலத்தில் பின்னால் உள்ள பெயரும் அதைச் சொல்ல வேண்டும்: ‘ரீசன்ஸ்’. உங்கள் மற்ற முப்பது பக்கங்களிலும் ‘மெனி’, ‘செவரல்’, ‘டிஃப்ரன்ட்’ வந்த இடங்களை மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பொருநைக்கரை எழுதியது:

பார்த்துவிட்டேன், ஐயா. பதினொரு இடங்களில் ‘எஸ்’ விடுபட்டிருந்தது; எல்லாவற்றையும் சிவப்பு மையில் திருத்தியிருக்கிறேன். இன்றும் இரவுப் பணிதான். அடுத்த பக்கத்துக்கு ‘அசெஸ்’ என்ற சொல்லை எடுத்திருக்கிறேன். நோயாளியின் வலியை ஒவ்வொரு நான்கு மணி நேரத்துக்கும் பூஜ்யம் முதல் பத்து வரை ‘அசெஸ்’ செய்து எழுதுகிறோம். முதல் வாக்கியம் அதிலிருந்து வரும். இரண்டாம் வாக்கியத்துக்குப் பள்ளித் தேர்வு முறையைப் பற்றி நான்கு கட்டுரைகளை எடுத்து வைத்திருக்கிறேன்.